ஏற்காட்டுக் கத்தியைச் செய்தவர் யார்?

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டம் ஒன்றில் ரைட்டராக இருந்த என் தாத்தாவுக்கு, அந்தத் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன கத்தி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அலகின் நீளம் எட்டரை அங்குலம். அகலம் ஏறத்தாழ ஓர் அங்குலம். அலகின் இரு பக்கமும் ஒரு நீளமான பள்ளம் நுனிவரை ஓடுகிறது. பிடிக்கு அருகில் ஒரு பக்கம் சிறிய கிரீடமும், அதன் கீழ் ஜி, ஆர் என்ற எழுத்துகளும், 1907 என்ற எண்ணும், அதற்கும் கீழே மங்கலாக 16 என்ற எண்ணும் உள்ளன. கடைசி வரியில் ஏதோ ஒரு பெயர் தேய்ந்துபோய், எல், ஈ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் மட்டும் தெரிகின்றன. மறுபக்கம் அம்புக்குறியும் பெருக்கல் குறியும் உண்டு. பிடி மான் கொம்பு. இரண்டு பித்தளை ஆணிகளால் இறுக்கியது. பிடியின் அடிப்பக்கம் தெரியும் இரும்பில் பாதி வட்டமாக ஒரு துளை இருக்கிறது. அலகுக்கும் பிடிக்கும் நடுவிலுள்ள குறுக்குத் தடுப்பின் ஒரு முனை அரத்தால் ராவியது போல் உள்ளது. இது சேலம் அருணாசலம் செய்த கத்தி என்று அப்பா சொல்வார். பழம்பொருள் வாங்கும் ஒருவர், ‘1907இல் சேலத்தில் செய்தது, தெரிகிற இரண்டு எழுத்தும் சேலம் என்பதன் நடு எழுத்துகள்’ என்று சொல்லி விலை பேசுகிறார். அழிந்த எழுத்துகளை மறுபடியும் வெட்டிக்கொண்டால் இன்னும் நல்ல விலை வரும் என்கிறார். தம்பி, பஃப் போட்டுப் பளபளப்பாக்கலாம் என்கிறான். செய்தவர் யார் என்று எப்படி உறுதி செய்வது?
— வாசகி, ஏற்காடு

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

முதலில் ஒரு வேண்டுகோள். இந்தப் பதிலை முழுதும் படித்து முடிக்கும்வரை அந்தக் கத்தியைப் பட்டறைக்கு அனுப்பாதீர்கள். பஃப் சக்கரமும் வேண்டாம், எழுத்து வெட்டும் உளியும் வேண்டாம். அந்த அலகில் மிச்சமிருக்கும் இரண்டு எழுத்துகளும், தேய்ந்த கிரீடமும், அடிப்பக்கத்துப் பாதித் துளையும்தான் உங்களிடம் இருக்கும் சாட்சிகள். கால் மணி நேரப் பளபளப்புக்காக அவற்றை இழந்துவிட்டால், பிறகு எந்த வல்லுநராலும் எதையும் மீட்டுத் தர முடியாது.

நீங்கள் அடையாளங்களை இவ்வளவு கவனமாகக் குறித்து அனுப்பியிருப்பதால், கத்தியை நேரில் பார்க்காமலேயே சிலவற்றைத் தெளிவாகச் சொல்ல முடிகிறது. 1907 என்பது அந்த அலகு செய்யப்பட்ட ஆண்டு அன்று. அது பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட ஒரு மாதிரியின் பெயர். நம் காவலர்கள் நெடுங்காலம் தோளில் சுமந்த 303 துப்பாக்கியின் முனையில் மாட்டுவதற்கென்று, 17 அங்குல நீள அலகுடன் வகுக்கப்பட்ட பயனெட்டுக்கு ‘1907 மாதிரி’ என்று பெயர். அந்த மாதிரியில் பின்னாட்களில் செய்யப்பட்ட அலகுகளிலும் அதே எண்ணையே அடித்தார்கள். செய்த மாதத்தையும் ஆண்டையும் அதற்குக் கீழே தனியாக அடித்தார்கள். ஆகவே உங்கள் அலகின் ஆண்டு, மங்கலாகத் தெரியும் 16, அதாவது 1916. இதற்கு அந்தக் கத்தியிலேயே இன்னொரு சான்றும் இருக்கிறது. கிரீடத்தின் கீழுள்ள ஜி.ஆர். என்பது ஜார்ஜ் மன்னரைக் குறிக்கும். 1907இல் அரசாண்டவர் ஏழாம் எட்வர்ட். ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடியது 1910க்குப் பிறகுதான். 1907இல் செய்த அலகாக இருந்தால் அங்கே ஜி என்ற எழுத்து வருவதற்கு வழியே இல்லை. மறுபக்கத்து அம்பு, அரசாங்கச் சொத்து என்பதற்கான அடையாளம். பெருக்கல் குறி, அலகை வளைத்துச் சோதித்துத் தேர்ச்சி கண்டதற்கான முத்திரை. இந்தக் குறிகளை ஒரு தனி ஆசாரி தம் கத்தியில் அடித்துக்கொள்ள மாட்டார்.

அடுத்தது உருவம். அந்தப் பயனெட்டின் இருபுறப் பள்ளம் நுனிவரை ஓடாது. நுனிக்குச் சில அங்குலங்களுக்கு முன்பே மெல்ல ஆழம் குறைந்து மறையும், அதன் பிறகு அலகு கனமாகவே முனைவரை செல்லும். உங்கள் கத்தியில் பள்ளம் நுனியிலேயே முடிகிறது என்றால், பள்ளத்தின் நடுவில் அலகை வெட்டி, அங்கே புதிதாக ஒரு முனையைச் சாணை பிடித்திருக்கிறார்கள் என்று பொருள். 17 அங்குலம் எட்டரை அங்குலம் ஆனது இப்படித்தான். ராணுவமே பின்னாளில் இந்தியாவில் இத்தகைய பயனெட்டுகளைக் குட்டையாக்கிப் பயன்படுத்தியது உண்மை. ஆனால் அவை ஏறத்தாழ 12 அங்குலமாக, பழைய மரப்பிடியுடனும் துப்பாக்கியில் மாட்டும் அமைப்புடனும் இருந்தன. உங்களுடையது அந்த வகையன்று. குறுக்குத் தடுப்பின் ராவிய முனையைப் பாருங்கள்; அது அலகின் முதுகுப் பக்கத்து முனையாகத்தான் இருக்கும். துப்பாக்கிக் குழாயின் வாய் நுழைவதற்கான வளையம் அங்கே இருந்தது. அதை அறுத்து, அடையாளம் தெரியாமல் ராவியிருக்கிறார்கள். பிடியின் அடியிலுள்ள பாதித் துளைக்கும் விளக்கம் இதுதான். பாதித் துளையை யாரும் போடுவதில்லை. பழைய மரப்பிடியை இறுக்கிய திருகாணிக்கான முழுத் துளை அங்கே இருந்தது; பிடிக்குள் நீளும் அலகின் வால் பகுதியைக் குட்டையாக்கும்போது வெட்டு அந்தத் துளையின் நடுவே போயிருக்கிறது. கொம்புப் பிடி, அதன் பிறகு வந்தது.

ஆக, முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஒரு பயனெட்டை வெட்டி, ராவி, புதுப் பிடி போட்டு உருவாக்கிய வேட்டைக் கத்தி இது. பெயர் வரியில் எஞ்சிய எல், ஈ என்ற எழுத்துகளைப் பற்றி ஒரு கருத்து உண்டு. இந்த மாதிரியைப் போர்க்காலத்தில் செய்து தந்த ஆங்கிலேய நிறுவனங்கள் சிலவே: வில்கின்சன், சாண்டர்சன், சாப்மன், விக்கர்ஸ், பர்மிங்காமைச் சேர்ந்த மோல், இவற்றோடு என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலை. இவற்றுள் ஆங்கிலத்தில் எழுதும்போது எல், ஈ என்று முடியும் பெயர் மோல் ஒன்றே. அதற்குப் பின் வேறு எழுத்து எதுவும் இல்லை என்பது உறுதியானால் மோல் என்று கொள்வதற்கு வலுவான இடமுண்டு. இடப்புறம் மட்டும் தேய்ந்திருக்கிறதா, வலப்புறமும் தேய்ந்திருக்கிறதா என்பதைப் பார்க்காமல் அதை முடிவாகச் சொல்ல மாட்டேன்.

இப்போது அருணாசலத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் அப்பா சொன்னது வெறும் கதையன்று; அதற்குப் பின்னால் இந்த ஊரின் உண்மையான பெருமை ஒன்று இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் சேலம் அருணாசலம் என்ற கொல்லரின் வேட்டைக் கத்திகளும், காட்டுப் பன்றி வேட்டைக்கான ஈட்டி முனைகளும், இந்தியாவில் இருந்த ஆங்கிலேய வேட்டைக்காரர்களிடையே பெரும் பெயர் பெற்றிருந்தன. அவர் கத்திகளில் தம் பெயரையும் சேலம் என்ற ஊர்ப் பெயரையும் ஆங்கிலத்தில் அடித்தார். அந்நாளைய வழக்கப்படி, ‘அர்னசெல்லம்’ என்று படிக்கத்தக்க எழுத்துக்கூட்டலில் அது இருக்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கத்திகள் கப்பல் கப்பலாக வந்திறங்கிய காலத்தில், இங்குள்ள ஒரு பட்டறைக் கத்தியை விரும்பிக் கேட்டு வாங்கினார்கள் என்பது சாதாரணச் செய்தியன்று. அதனாலேயே, சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் கொம்புப் பிடி போட்ட எந்த வேட்டைக் கத்தி கிடைத்தாலும் அதை அவர் பேரில் சேர்த்துவிடும் வழக்கம் வந்துவிட்டது. 1916ஆம் ஆண்டின் ராணுவ முத்திரை தாங்கிய அலகை அவருடைய கணக்கில் எழுதுவது அவருக்கும் பெருமை அன்று, உங்கள் தாத்தாவின் கத்திக்கும் நியாயம் அன்று.

வியாபாரி சொன்ன யோசனை எனக்கு மிகுந்த கவலை அளிக்கிறது. தேய்ந்த பெயரை மறுபடியும் வெட்டுவது பழுது பார்ப்பது ஆகாது; அது ஒரு பொய்ச் சான்றை உண்டாக்குவது. எல், ஈ என்ற எழுத்துகளுக்கு முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமாக எழுத்துகளைச் சேர்த்து ஆங்கிலத்தில் சேலம் என்று ஆக்கிவிட்டால், ஒரு மோல் அலகும் கெடும், உண்மையான அருணாசலம் கத்திகளை அடையாளம் காணும் வேலையும் இன்னும் சிக்கலாகும். பெயருக்கு விலை இருப்பதால் இப்படிப் போலிப் பெயர் தாங்கிய கத்திகள் எப்போதும் சந்தையில் உலவுகின்றன. அவற்றைக் கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. உங்களுக்கு மட்டுமன்றி, பழைய கத்தி வைத்திருக்கும் எல்லோருக்கும் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய முறையில் அச்சை வைத்துச் சுத்தியலால் அடித்த எழுத்து, உலோகத்தைப் பக்கவாட்டில் ஒதுக்கும். எழுத்தின் ஓரம் மிக நுட்பமாக மேடிட்டிருக்கும். அடி ஆழம் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் இருக்கும். அமிலத்தால் அரித்த எழுத்தின் கரைகள் மழுங்கலாக இருக்கும். லேசர் கொண்டு பொறித்த எழுத்தின் அடி, ஒரே ஆழத்தில் தட்டையாக இருக்கும். இவற்றைவிட நம்பத்தக்க அடையாளம் துருப் பள்ளம். அலகும் பெயரும் ஒரே வயது என்றால், காலப்போக்கில் துரு எழுத்துக்குள்ளும் இறங்கி அங்கேயும் சிறு குழிகளை உண்டாக்கியிருக்கும். அதற்கு மாறாக, எழுத்தின் கோடு ஒரு துருக்குழியை ஊடறுத்துக்கொண்டு கூர்மையாகப் போகிறது என்றால், குழி விழுந்த பிறகுதான் அந்த எழுத்து வந்தது. பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு பூதக்கண்ணாடியும் பொறுமையும் இருந்தால் இதை வீட்டிலேயே பார்க்கலாம். பஃப் போடக் கூடாது என்று நான் மன்றாடுவதற்கு இதுவும் காரணம்: சக்கரம் முதலில் தின்பது எழுத்தின் ஓரத்து மேட்டையும் குழிகளின் விளிம்பையும்தான்.

பெயர் உண்மையானதாகவே இருந்தாலும், அது செய்தவரின் பெயர் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சென்னையில் ஓக்ஸ் கம்பெனி, பி. ஓர் அண்ட் சன்ஸ் போன்ற பெரிய கடைகள் சீமைச் சரக்குகளைத் தங்கள் பெயரைப் பொறித்து விற்ற காலம் அது. அத்தகைய பொருளில் இருப்பது விற்றவரின் பெயர். ஷெஃபீல்டிலோ, அலகை அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் வேறொருவர், பிடி போடுபவர் மூன்றாமவர் என்று தனித்தனித் தொழிலாளர்கள் சிறு பட்டறைகளில் கூலிக்குச் செய்து கொடுத்ததை ஒரு நிறுவனம் தன் முத்திரையுடன் விற்பதே பெருவழக்கு. ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் நட்சத்திரமும் சிலுவையும் சேர்ந்த முத்திரை மிகப் புகழ் பெற்றது. அதனாலேயே அதைப் போலச் செய்ததும் மிகுதி. இப்படிப் போலிகள் பெருகியதால்தான் பிரிட்டனில் 1887இலும் இந்தியாவில் 1889இலும் வணிகக் குறிகள் பற்றிய சட்டங்கள் வந்தன. அலகில் இங்கிலாந்து என்று நாட்டின் பெயரும் இருந்தால், பெரும்பாலும் அது 1890க்குப் பிந்தியது. அந்த ஆண்டில் அமெரிக்கா இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது.

உங்கள் கேள்விக்கு இன்னொரு பாதி உண்டு. அலகை மோல் நிறுவனமே செய்திருக்கட்டும். இந்தக் கத்தியைக் கத்தியாக ஆக்கியவர் யார்? வெட்டியவர், வளையத்தை அறுத்தவர், முனையை எடுத்தவர், கொம்பைப் பொருத்தியவர்? அவர் எங்கும் பெயர் வைக்கவில்லை, ஆனால் வேலையின் தரம் அவரைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லும். பித்தளை ஆணிகளின் தலைகள் ஒரே அளவாக இயந்திரத்தில் செய்தவையா, அல்லது கம்பியை வெட்டிச் சிறு சுத்தியலால் தட்டித் தட்டிப் பரப்பியவையா என்று பாருங்கள். கொம்புக்கும் இரும்புக்கும் இடையே அரக்கு இருக்கிறதா, அரால்டைட் போன்ற பசை இருக்கிறதா என்பதும் முக்கியம். அத்தகைய பசைகள் இரண்டாம் உலகப் போரையொட்டியே கடைக்கு வந்தன. தடுப்பின் ராவிய முனையில் அரத்தின் கோடுகள் ஒரே திசையில் நிதானமாக ஓடினால் பழகிய கை. குறுக்கும் நெடுக்குமாக இருந்தால் அவசர வேலை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உலையில் வைத்து மறுபடியும் அடிக்காமல், சாணையாலும் அரத்தாலுமே வேலையை முடித்திருப்பதாகத் தோன்றுகிறது, ஏனென்றால் முத்திரைகளும் பள்ளமும் உருக்குலையாமல் இருக்கின்றன. அது நல்ல தீர்மானம். பழுக்கக் காய்ச்சியிருந்தால் அலகின் பழைய தோய்ச்சல் போய், மறுபடியும் தோய்த்திருக்க வேண்டும். அந்தக் கையாளர் ஏற்காட்டுத் தோட்டத்தில் கவாத்துக் கத்தியும் மண்வெட்டியும் சீர் செய்துகொண்டிருந்த கொல்லராக இருக்கலாம், சேலத்துப் பட்டறை ஒன்றில் இருந்தவராக இருக்கலாம், ஏதோ ஒரு ராணுவ முகாமில் இருந்தவராகவும் இருக்கலாம். ஊகத்துக்கு மேல் போக ஆதாரம் வேண்டும். அந்தத் தோட்டத்தின் பழைய கணக்குப் புத்தகம், கூலிச் சீட்டு, தாத்தா காலத்துப் புகைப்படம் ஏதாவது வீட்டில் இருந்தால் தேடிப் பாருங்கள். கத்தி தர முடியாத விடையைக் காகிதம் தரக்கூடும்.

சோதனைக்கூடத்தில் கொடுத்தால் தெரிந்துவிடாதா என்று பலரும் கேட்கிறார்கள். எக்ஸ் கதிர் கொண்டு உலோகத்தின் சேர்க்கையைக் காட்டும் கைக் கருவி அலகைக் காயப்படுத்தாது. ஆனால் உருக்கின் உயிரான கரியை அது காட்டாது. அது காட்டுவனவற்றில் நமக்கு உதவுவது குரோமியமும் மாங்கனீசும். குரோமியம் நிறைய இருந்தால் துருப்பிடிக்காத உருக்கு. ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் அதைக் கண்டது 1913இல் என்பதால், அதற்கு முந்திய ஆண்டு பொறித்த அலகு போலி என்று உடனே தெரிந்துவிடும். மாங்கனீசின் கதை சேலத்தோடு சேர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், சேலத்து இரும்புக் கல்லை நம்பிப் பரங்கிப்பேட்டையில் 1830ஐ ஒட்டி இரும்பாலை தொடங்கியவர். பின்னர் இங்கிலாந்துக்குத் திரும்பி, உருக்கில் மாங்கனீசைச் சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு உருக்குத் தொழில் அதன் பிறகு மாறிவிட்டது. நம் நாட்டு மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண்கலத்தில், உருக்கிய பழைய உருக்கில் மாங்கனீசு பொதுவாக மிகக் குறைவு. ஆகவே அருணாசலம் பெயர் தாங்கிய ஒரு கத்தியில் மாங்கனீசு கணிசமாக இருந்தால், அலகுக்கு வாங்கிய உருக்கு சீமையிலிருந்து வந்ததா, அல்லது பெயரே பின்னால் வந்ததா என்று ஆராய வேண்டியிருக்கும். உங்கள் அலகுக்கு இந்தச் சோதனை தேவையே இல்லை, முத்திரைகளே போதும்.

பராமரிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோல் உறை இருந்தால் கத்தியை அதற்குள் வைக்காதீர்கள். தோல் பதனிட்ட பொருள்களும், அது உறிஞ்சி வைத்திருக்கும் ஈரமும் அலகைத் துருவாக்கும், பித்தளை ஆணிகளில் பச்சைக் களிம்பை ஏற்றும். ஏற்காட்டு மூடுபனியில் இது விரைவாக நடக்கும். உறையைத் தனியாகவும் கத்தியைத் தனியாகவும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் வையுங்கள். ஆணிகள் மின்ன வேண்டும் என்று புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்க்க வேண்டாம்; வழியும் சாறு கொம்பின் அடியில் புகுந்து இரும்பை அரிக்கும். உப்புத்தாளும் வேண்டாம். பழைய பருத்தித் துணியில் தையல் இயந்திர எண்ணெயைச் சில துளிகள் விட்டு அலகை மட்டும் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகிவிடும். சிவந்த, உதிரும் துருவை மட்டும் எண்ணெயில் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் மெதுவாகச் சுரண்டலாம். கறுத்துப்போய் வழவழப்பாக இருக்கும் மேல்படலம் அலகை அரிக்கும் துரு அன்று. அதைத் தொடக் கூடாது.

விற்பது பற்றி: பிடி கடமான் அல்லது புள்ளிமான் கொம்பாக இருந்தால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். சேலத்திலுள்ள வனத்துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுத் தெளிவு பெறாமல் விற்கவோ கைமாற்றவோ வேண்டாம். ஆயுத விதிகளில் கத்திகளுக்குச் சொல்லப்படும் அளவு 9 அங்குல நீளம், 2 அங்குல அகலம். உங்களுடையது இரண்டுக்கும் உட்பட்டது. ஆனாலும் வீட்டுக்கு வெளியே அதை எடுத்துச் செல்வதைத் தவிருங்கள். நூறாண்டு கடந்த பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைத்தால், முதலில் தொல்லியல் துறையைக் கேட்க வேண்டும்.

கத்தியோடு ஒரு சீட்டு எழுதி வையுங்கள்: ‘1907 மாதிரி பிரிட்டிஷ் பயனெட், 1916, மோல் நிறுவனம் செய்ததாகலாம், பின்னர் வெட்டிக் கொம்புப் பிடி போட்டவர் பெயர் தெரியவில்லை, ஏற்காட்டுத் தோட்டத்தில் ரைட்டராக இருந்த தாத்தாவுக்கு வந்தது.’ தாத்தாவின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் அதில் கட்டாயம் சேர்த்து எழுதுங்கள். இந்தக் கத்திக்கு உறுதியாகத் தெரிந்த பெயர்கள் அவையே.

மோல்தானா என்று முடிவு செய்ய எனக்கு இரண்டு படங்கள் வேண்டும். இருட்டறையில் அலகைக் கிடத்தி, டார்ச் விளக்கைக் கிட்டத்தட்ட அலகின் மட்டத்துக்கே சாய்த்து, முதலில் இடப்புறத்திலிருந்தும் பிறகு வலப்புறத்திலிருந்தும் வெளிச்சம் விழும்படி பெயர் வரியைப் படம் எடுங்கள். நேரான வெளிச்சத்தில் தெரியாத எழுத்துகள் அப்போது நிழலாக எழும்பித் தெரிவதுண்டு. பக்கத்தில் ஓர் அடிக்கோலை வையுங்கள். பெயர் வரியின் நடுப்புள்ளி பெரும்பாலும் மேலேயுள்ள கிரீடத்தின் நடுவுக்கு நேராக அமைந்திருக்கும் என்பதால், எல், ஈ என்ற எழுத்துகள் அந்தப் புள்ளியிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கின்றன என்று அளந்து எழுதினால், அவற்றுக்கு முன் எத்தனை எழுத்துகள் இருந்தன, பின்னால் ஏதாவது இருந்ததா என்பதை ஓரளவு கணக்கிட்டுச் சொல்லலாம்.